787பி: ஜெயித்ததால்தான் ரோட்டரியைத் தடை செய்தார்களா?

10 ஜூன் 2025, வந்த கேள்வி
"1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா 787பி ஜெயித்தது. ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு வயிறு எரிந்தது. அடுத்த வருடமே ரோட்டரி என்ஜினுக்குத் தடை. ஜப்பான்காரன் ஜெயித்தால் விதியை மாற்றிவிடுவார்கள். யாராவது மறுக்க முடியுமா?"

10 ஜூன், இரவு
மறுக்கலாம். (ரோட்டரி என்பது பிஸ்டன் மேலும் கீழும் போவதற்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழலும் என்ஜின்.) யூடியூபில் ஒருவர் சொன்னார், அதைக் கேட்டு இன்னொருவர் சொன்னார், இப்போது பாதி உலகம் இதை நம்புகிறது. நடந்த வரிசையே தலைகீழ்.

டர்போ இல்லாத 3.5 லிட்டர் பிஸ்டன் என்ஜின், அதாவது ஃபார்முலா 1 காரில் அன்று இருந்த மாதிரி என்ஜின்தான் இனி ஓட வேண்டும் என்ற விதியை, அன்று உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி போட்ட ஃபிசா அமைப்பு 1991-க்கு முன்பே அறிவித்துவிட்டது. 1991-லேயே முழுதாக அமலுக்கு வந்திருக்க வேண்டியது. ஆனால் புதுக் கார் கட்டப் போதுமான கம்பெனிகள் முன்வரவில்லை. தொடக்கக் கோட்டில் நிறுத்தக் கார் வேண்டுமே! அதனால் குரூப் சி என்ற பழைய வகைப் பந்தயக் கார்களுக்கு இன்னும் ஒரு வருடம் வாழ்வு கொடுத்தார்கள். ரோட்டரிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று மாஸ்டாவில் எல்லோருக்கும் தெரியும். வெளியே போகும் நாளைக் குறித்த பிறகுதான் ஜெயித்தார்கள்.

10 ஜூன், நள்ளிரவு தாண்டி
தூக்கம் வரவில்லை, அதனால் இன்னொன்று. தடை என்றால் 1992-இல் அமெரிக்காவின் ஐஎம்எஸ்ஏ பந்தயத் தொடரில் ஆர்எக்ஸ்-792பி என்ற காரில் இதே நான்கு ரோட்டர் என்ஜின் எப்படி ஓடியது? லெ மானிலேயே 1995-இல் மூன்று ரோட்டர் என்ஜின் வைத்த குட்ஸு கார் ஏழாவதாக வந்ததே? அதை ஓட்டியவர்களில் யோஜிரோ தெராதா ஒருவர். மாஸ்டாவுக்காக லெ மானுக்கே வாழ்க்கையைக் கொடுத்த மனிதர். 1991-லும் அவர் ஓட்டினார், ஆனால் ஜெயித்த காரை அல்ல. எட்டாவதாக வந்த பழைய 787-ஐ. அந்த வெற்றிக் காரில் ஜப்பானிய ஓட்டுநர் ஒருவர்கூட இல்லை. ஒரு ஜெர்மன்காரர், ஒரு ஆங்கிலேயர், ஒரு பெல்ஜியக்காரர்.

11 ஜூன்
"2.6 லிட்டரில் 700 குதிரைத்திறனா? ரீல் விடாதீர்கள் அண்ணே" என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். ரீல் இல்லை தம்பி, கணக்கில் ஒரு சங்கதி இருக்கிறது.

787பி-யின் ஆர்26பி என்ஜினில் ஒரு ரோட்டருக்கு 654 சிசி. நான்கு ரோட்டர், ஆக 2,616 சிசி. நாம் பழகிய ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சிலிண்டர் வெடிக்க ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ரோட்டரியில் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினாலே ஒவ்வொரு ரோட்டரும் ஒருமுறை வெடித்துவிடும். ஆகவே பிஸ்டன் கணக்கில் இதை 5.2 லிட்டர் என்று சொல்பவர்கள் உண்டு. அதிகாரிகள் 1.8 என்ற எண்ணால் பெருக்கி 4.7 லிட்டர் என்று வைத்தார்கள். யார் கணக்கை எடுத்தாலும் 2.6 என்பது காகிதத்தில் மட்டும்தான் சின்னது.

700 குதிரைத்திறன் 9,000 ஆர்பிஎம்மில் வந்தது. அதற்கு மேலும் சுற்றக்கூடிய என்ஜின், பந்தயத்துக்காக அங்கேயே நிறுத்திவைத்தார்கள்.

11 ஜூன், மாலை
சத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். கேட்டுவிட்டார்கள்.

யமஹா ஆர்எக்ஸ்100 ஓட்டியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். அந்த வண்டியில் எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது, பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டை படாரென்று திறக்கும். வால்வு மெல்லத் தூக்கி மெல்ல வழிவிடும் கதையே இல்லை. ரோட்டரியிலும் அப்படித்தான், ரோட்டரின் முனை போர்ட்டை, அதாவது புகை வெளியேறும் ஓட்டையை, கடக்கிற கணத்தில் மொத்த அழுத்தமும் வெளியே பாய்கிறது. சத்தத்தில் அந்தக் கூர்மை வருவது அதனால்தான். எண்ணெயையும் கொஞ்சம் குடிக்கும், அதிலும் ஒற்றுமை.

நிறையப் பேர் "வேகமாகச் சுற்றுவதால் அலறுகிறது" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,000 ஆர்பிஎம்மில் நான்கு ரோட்டர், நொடிக்கு 600 வெடிப்பு. ஜாகுவாரின் 12 சிலிண்டர் 7,000-த்தில் ஓடினால் நொடிக்கு 700. எண்ணிக்கையில் ஜாகுவார்தான் முன்னால், ஆனாலும் அது உறுமியது, இது அலறியது.

12 ஜூன்
நான் ஷார்ஜாவில் ஒரு கராஜில் வேலை பார்த்த காலத்தில் 13பி என்ஜினைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு ரோட்டர், சாலைக் கார் என்ஜின். வாடிக்கையாளர் சக்தியைக் கூட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதுவரை நான் பார்த்ததெல்லாம் டீசல். ஊரில் லேத் பட்டறையில் ரீபோர், ஹோனிங், ரிங் மாற்றுவது என்றே வளர்ந்தவன். இதைத் திறந்ததும் உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கேம் ஷாஃப்ட் எங்கே, வால்வு எங்கே, கனெக்டிங் ராடு எங்கே? ஃபோர்மேனிடம் கேட்டேன், "அதெல்லாம் இருந்தால் இதை ஏன் உன்னிடம் தருகிறேன்" என்றார்.

ரோட்டரின் மூன்று முனையிலும் நீளமாக ஒரு பட்டை, அதுதான் அபெக்ஸ் சீல். பிஸ்டன் ரிங் செய்யும் வேலையை இது செய்கிறது, ஆனால் ரிங்குக்கு இருக்கும் சுகம் இதற்கு இல்லை. ரிங் வட்டமான சுவரில் ஒரே கோணத்தில் உட்கார்ந்து மேலும் கீழும் போகும். அபெக்ஸ் சீல் இடுப்பு ஒடுங்கிய ஒரு சுவரில் ஓடுகிறது, சாய்வு நொடிக்கு நொடி மாறும். ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் சுவரைத் தொடும். ரிங் வேலை தெரிந்தவனுக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். இதை வைத்து 24 மணி நேரம் எப்படி ஓட்டினார்கள் என்ற கேள்வி அன்றைக்கு வந்தது, இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

12 ஜூன், சற்று நேரம் கழித்து
விடையில் பாதியை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாஸ்டா 1961-இல் ஜெர்மனியின் என்எஸ்யு கம்பெனியிடம் உரிமம் வாங்கியபோது இந்த முனைதான் பெரிய தலைவலி. கொஞ்ச நேரம் ஓட்டினால் உள்சுவரில் வரிசையாகக் கீறல் விழும். அதற்குச் "சாத்தானின் நகக்கீறல்" என்றே பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோதோ தலைமையில் 47 பொறியாளர்கள் இதிலேயே கிடந்தார்கள். கார்பனில் அலுமினியம் ஊட்டிய சீல் செய்து, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் அதே யமமோதோ கம்பெனியின் தலைவராகவும் ஆனார்.

787பி-யில் சீல் செராமிக். ஒரு ரோட்டருக்கு மூன்று ஸ்பார்க் பிளக். காற்று உள்ளே வரும் குழாய்கள் ட்ரம்போன் வாத்தியம்போல நீண்டு சுருங்கும், ஆர்பிஎம் ஏற ஏற நீளம் குறையும். இந்தக் குழாய் விவகாரத்தை வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழ் ஆர்பிஎம்மிலும் இழுவை கிடைப்பதால் வளைவிலிருந்து வெளியே வரும்போது என்ஜினை முறுக்க வேண்டியதில்லை, பெட்ரோல் மிச்சம். அந்தக் காலத்தில் பெட்ரோலுக்கும் ரேஷன் இருந்தது.

13 ஜூன்
பந்தயத்தைப் பற்றி எழுதாமல் என்ஜினையே கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று திருச்சி நண்பர் கோபித்துக்கொண்டார். சரி.

22 ஜூன் 1991, சனிக்கிழமை மாலை 4 மணி. கிளம்பும் வரிசையில் முதல் பத்து இடங்கள் புது விதிப்படி கட்டிய 3.5 லிட்டர் கார்களுக்கு ஒதுக்கீடு, யார் எவ்வளவு வேகம் என்ற கேள்வியே இல்லை. அதனால் 55-ஆம் எண் மாஸ்டா 19-வது இடத்திலிருந்து கிளம்பியது. பெஜோ 905 இரண்டும் முதலில் பறந்தன, சீக்கிரமே படுத்தன. அப்புறம் மெர்சிடிஸ் சி11-களின் ராஜ்ஜியம்.

ஒவ்வொரு பழைய காருக்கும் மொத்தம் 2,550 லிட்டர் எரிபொருள், அவ்வளவுதான். 7.4 லிட்டர் என்ஜினும் 1,000 கிலோ எடையும் கொண்ட ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-12-கள் அந்தக் கணக்குக்குள் இருக்க வேகத்தை அடக்கியே ஓட வேண்டியிருந்தது. மாஸ்டா அணியை நடத்திய டகாயோஷி ஒஹாஷி நேர்மாறாகச் சொன்னார்: அடக்க வேண்டாம், முட்டி ஓட்டுங்கள். ஆலோசகராகப் பக்கத்தில் இருந்தவர் ஜாக்கி இக்ஸ், லெ மானை ஆறு முறை ஜெயித்தவர்.

ஞாயிறு மதியம், சுமார் மூன்று மணி நேரம் மிச்சமிருக்கும்போது, முன்னால் ஓடிய மெர்சிடிஸ் என்ஜின் சூடேறி உள்ளே வந்தது. மாஸ்டா முன்னே போனது, கடைசிவரை பின்னால் வரவில்லை. 362 சுற்று, 4,922 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு, மூன்று, நான்காம் இடங்கள் ஜாகுவாருக்கு, இரண்டாவது கார் 360 சுற்று. ரோட்டரி பெட்ரோலை முழுங்கும் என்பார்கள். கொடுத்ததை மொத்தமும் குடித்திருந்தாலும் லிட்டருக்கு 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 700 குதிரைக்கு அது மோசமில்லை.

14 ஜூன்
"மெர்சிடிஸ் நின்றதால் கிடைத்த வெற்றிதானே" என்கிறார் கேள்வி கேட்டவர். முதலில் ஐரோப்பியச் சதி என்றார், இப்போது வெற்றியே ஓசி என்கிறார். ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள் ஐயா.

24 மணி நேரம் ஓடினால் நிற்பவர்கள் நிற்கத்தான் செய்வார்கள். நிற்காமல் ஓடுவதுதான் போட்டியே. மாஸ்டா மூன்று கார்கள் கொண்டுபோனது, மூன்றும் முடித்தன: 1, 6, 8. முந்தைய வருடம் கொண்டுபோன 787-கள் முடிக்கவே இல்லை. அந்த ஒரு வருடத்தில் செய்த வேலைக்குத்தான் சம்பளம்.

(இன்று மாலை நம் நேரம் 7.30-க்கு இந்த வருட லெ மான் தொடங்குகிறது. நாளை இரவுவரை என்னிடம் பதில் எதிர்பார்க்காதீர்கள்.)

15 ஜூன், விடியற்காலை
போர்ஷே நன்றாக ஓடுகிறது. காபி தீர்ந்துவிட்டது.

16 ஜூன்
மஞ்சள் ஃபெராரி, 83-ஆம் எண். தொடர்ந்து மூன்றாவது வருடம் 499பி ஜெயிக்கிறது, ஆனால் இந்த முறை கம்பெனியின் சொந்தச் சிவப்புக் கார்கள் அல்ல, தனி அணியின் கார். கடைசி மணி நேரங்களை ராபர்ட் குபிட்சாவே ஓட்டினார். 2011-இல் ரேலி விபத்தில் வலது கை சிதைந்தவர். கடைசிச் சுற்றில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

ஹெர்பர்ட் நினைவு வந்தது. ஜானி ஹெர்பர்ட்டுக்கு 1988-இல் பிராண்ட்ஸ் ஹேட்ச் விபத்தில் இரண்டு பாதங்களும் நொறுங்கின. மூன்று வருடம் கழித்து 787பி-யில் கடைசிக் கட்டத்தை அவர்தான் ஓட்டினார். மாற்று ஓட்டுநர் தயாராக இருந்தும் இறங்கவில்லை. முடித்ததும் உடலில் நீர் வற்றி மயங்கிவிட்டார், நேரே மருத்துவ அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேடையில் ஃபோல்கர் வைட்லரும் பெர்ட்ரான் காஷோவும் மட்டும் நின்றார்கள். 2011-இல், வெற்றியின் இருபதாம் ஆண்டுக்கு, அதே காரை லெ மானில் மறுபடி ஓட்ட ஹெர்பர்ட்டை அழைத்தார்கள்.

வைட்லர் கதை வேறு. அடுத்த வருடமே காதில் ஓயாத இரைச்சல் நோய் வந்து பந்தயத்தையே விட்டார். உடனே "787பி சத்தம்தான் காரணம்" என்று யாரும் எழுத வேண்டாம். அவர் ஓட்டிய கார் அது ஒன்று மட்டுமல்ல.

17 ஜூன்
காஷோவை விட்டுவிட்டேனே. லெ மான் ஜெயித்து இரண்டே மாதத்தில் லண்டன் சிறையில். டாக்சி ஓட்டுநருடன் சண்டை, முகத்தில் வாயு தெளித்திருக்கிறார், இங்கிலாந்தில் அது குற்றம். ஃபார்முலா 1-இல் ஜோர்டான் அணியில் அவர் இருக்கை காலி. பெல்ஜியப் பந்தயத்துக்கு அந்த இருக்கையில் உட்கார மெர்சிடிஸ் பணம் கட்டி ஒரு பையனை அனுப்பியது. அதே லெ மானில் மெர்சிடிஸ் சி11 ஓட்டி ஐந்தாவதாக வந்த பையன், பந்தயத்தின் மிக வேகமான சுற்றும் அவனுடையதுதான். மைக்கேல் ஷூமாக்கர்.

லண்டனில் அந்த டாக்சி வேறு தெருவில் திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்காதீர்கள், அவன் எப்படியும் வந்திருப்பான்.

18 ஜூன்
கனமான விஷயத்துக்கு வருகிறேன், கிலோ கணக்கில்.

மெர்சிடிஸ், ஜாகுவார் 1,000 கிலோ. மாஸ்டா 830 கிலோ. இந்த 170 கிலோ சலுகையை ஒஹாஷி ஃபிசாவிடம் பேசி வாங்கினார். பெரிய அணிகள் பெரிதாக எதிர்க்கவில்லை, ஏனென்றால் மாஸ்டாவை யாரும் ஆபத்தாகவே நினைக்கவில்லை. எடை குறைந்தால் பிரேக் தேய்மானம் குறைவு, டயர் நிற்கும், பெட்ரோல் மிச்சம். 24 மணி நேரத்தில் இது எவ்வளவு பெரிய லாபம் என்று சொல்லத் தேவையில்லை. அதே விதியாளர்கள்தான் மாஸ்டாவுக்குக் கதவையும் திறந்துவிட்டார்கள். சதிக் கதை சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் வெற்றியின் மதிப்பு குறைகிறதா? வெகுகாலம் குறைகிறது என்றே சொல்லிவந்தேன், டீக்கடையில் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குப் பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறேன். இன்றைக்கு லெ மானின் உச்ச வகுப்பான ஹைப்பர்கார் வகுப்பில் ஒவ்வொரு காருக்கும் எவ்வளவு எடை, எவ்வளவு சக்தி என்று பந்தயத்துக்குப் பந்தயம் அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள். ஃபெராரிக்கு ஒன்று, டொயோட்டாவுக்கு ஒன்று, போர்ஷேவுக்கு ஒன்று. எல்லோரும் மூடிய அறையில் கெஞ்சுகிறார்கள், வெளியே வந்து புலம்புகிறார்கள். ஒஹாஷி செய்ததை இன்று மொத்தக் களமும் செய்கிறது. அவரிடம் குறை காண எனக்கு இப்போது மனம் வரவில்லை.

ஆனால் சலுகை இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

18 ஜூன், இரவு
திருச்சி நண்பர்: "அப்போ என்ஜின் முக்கியமில்லையா?" ஐயோ. 830 கிலோ காரில் சாதாரண என்ஜின் வைத்திருந்தால் 830 கிலோ பாரம் ஓரமாக நின்றிருக்கும்.

20 ஜூன்
நம்மவர்கள் யாராவது லெ மானில் ஓட்டியிருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நரேன் கார்த்திகேயன் 2009-இல் கோலஸ் அணியின் ஆடி ஆர்10-இல் ஓட்ட வேண்டியவர். பந்தயத்துக்கென்றே ஆடி கட்டிய டீசல் கார். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் பிட் சுவரைத் தாண்டிக் குதித்தபோது தோள்பட்டை விலகிவிட்டது. மற்ற இருவர் மட்டுமே ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். 2012-இல் சென்னையின் கருண் சந்தோக் ஹோண்டாவின் எச்பிடி காரில் ஆறாவதாக வந்தார், லெ மானில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர். அஜித் ஓட்டிய துபாய் 24 மணிப் பந்தயத்தைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு: அங்கே அவர் அணியின் கார் போர்ஷே 911 வகை, கடையில் விற்கும் காரிலிருந்து பிறந்தது. 787பி-க்கு ஷோரூமில் அண்ணன் தம்பி யாரும் கிடையாது.

21 ஜூன்
டொயோட்டா முதலில் எப்போது ஜெயித்தது என்று ஒரு கேள்வி. 2018. மாஸ்டாவுக்கு 27 வருடம் கழித்து. இடையில் 2016-இல் கடைசிச் சில நிமிடங்களில் முன்னணியில் இருந்த காரில் சக்தி போய், கசுகி நகாஜிமா நேர்ச்சாலையில் நின்றார். அதை எழுதப் போனால் எனக்கு மறுபடியும் ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

ஜெயித்த 787பி ஹிரோஷிமாவில் மாஸ்டா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆரஞ்சும் பச்சையும் கட்டம் போட்ட அந்த உடுப்பு, ஆடை கம்பெனியான ரெனவுன் கொடுத்த விளம்பரம்.

24 ஜூன்
முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "சரி, தடை இல்லை என்றே வைத்துக்கொள்வோம், 1992-இல் மாஸ்டா என்ன செய்தது?" என்கிறார். நல்ல கேள்வி, இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

எம்எக்ஸ்ஆர்-01 என்று ஒரு கார் கொண்டுவந்தார்கள். உடல் ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-14, என்ஜின் ஜட் கம்பெனியின் 3.5 லிட்டர் பத்து சிலிண்டர், மேலே மாஸ்டா என்று பெயர். நிறம் மட்டும் பழைய ஆரஞ்சு, பச்சை. லெ மானில் நான்காவதாக வந்தது, மோசமில்லை. ஜெயித்தது பெஜோ 905, அடுத்த வருடமும் அதுவே. புது விதியை நம்பிக் கார் கட்டியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். செலவு ஃபார்முலா 1 அளவுக்குப் போனது, களத்தில் கார் இல்லை. 1992 முடிவோடு உலக ஸ்போர்ட்ஸ்கார் சாம்பியன்ஷிப்பையே இழுத்து மூடினார்கள். ரோட்டரியை வெளியேற்றிய விதி அதன்பின் இரண்டு வருடம்கூட உலகத் தொடரை ஓட்டவில்லை. கோபப்பட வேண்டுமென்றால் அந்த விதியை எழுதியவர்கள் மேல் படுங்கள், நானும் வருகிறேன்.